இனம், இனக்குழு, தேசியம்: தென்னாப்பிரிக்காவை வைத்துச் சில கேள்விகளும் பதில்களும்

மனிதப் புவியியல் படிக்கிறவர்கள் அதிகம் தடுமாறும் பகுதி இது. இனம், இனக்குழு, தேசம், தேசியம், அரசு என்று வரையறைகளை வரிசையாக மனப்பாடம் செய்தால், தேர்வு முடிந்த மறுநாளே எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதனால் இங்கே ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொண்டேன். இந்தச் சொற்கள் அத்தனையையும் சட்டமாக எழுதி, அந்தச் சட்டத்தைத் தெருத்தெருவாக நிலத்தில் வரைந்தும் பார்த்த நாடு தென்னாப்பிரிக்கா. சென்னையிலிருந்து கப்பலேறிப் போன நம்மவர்களும் அந்த வரைபடத்துக்குள் மாட்டிக்கொண்டார்கள் என்பது இன்னொரு காரணம்.

இனம், இனக்குழு: இரண்டும் ஒன்றுதானே?

அன்றாடப் பேச்சில் ஒன்றாகத்தான் புழங்குகிறோம். பாடத்தில் பிரித்துத்தான் ஆக வேண்டும். தோல் நிறம், முடி, முக அமைப்பு போன்ற உடல் அடையாளங்களைப் பார்த்து மனிதர்களைப் பிரிவு பிரிவாக அடுக்குவது இனம். அதைப் பெரும்பாலும் அதிகாரம் உள்ளவர்கள் வெளியிலிருந்து ஒட்டுகிறார்கள். மொழி, மதம், பூர்வீகம், பழக்கவழக்கம் ஆகியவற்றை வைத்து ‘நாங்கள் ஒரு கூட்டம்’ என்று மக்கள் தாங்களே உணர்வது இனக்குழு.

டர்பன் நகரத்தில் வாழும் ஒரு தமிழரை எடுத்துக்கொள்வோம். அரசாங்கக் கோப்பில் அவர் ‘இந்தியர்’. வீட்டில், கோயிலில், கல்யாணத்தில் அவர் தமிழர். பக்கத்து வீட்டுக்காரர் தெலுங்கர், எதிர்வீட்டுக்காரர் குஜராத்தி. முதலாவது இனமாகக் கையாளப்பட்ட முத்திரை, இரண்டாவது இனக்குழு. இரண்டுக்கும் நடுவில் உறுதியான சுவர் கிடையாது. வெளியிலிருந்து ஒட்டிய முத்திரையே மூன்று தலைமுறை கழித்து உள்ளிருந்து வரும் அடையாளமாக மாறிவிடுவதும் உண்டு. அதைக் கீழே பார்க்கலாம்.

இனத்துக்கு உயிரியல் அடிப்படை கொஞ்சமும் இல்லையா?

மனிதர்களுக்குள் மரபணு வேறுபாடு உண்டு. ஆனால் அந்த வேறுபாடு நாம் போட்டு வைத்திருக்கும் இனப் பெட்டிகளோடு பொருந்தாது. 1972-ல் மரபியலாளர் ரிச்சர்ட் லெவான்டின் கணக்குப் போட்டுக் காட்டியதன்படி, மனித மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள்கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ‘கறுப்பினம்’ என்று ஒரே பெட்டியில் போடப்படும் ஆப்பிரிக்காவுக்குள்தான் உலகிலேயே அதிக மரபணுப் பன்மை இருக்கிறது. தோல் நிறம் பெரும்பாலும் முன்னோர்கள் வாழ்ந்த இடத்து வெயிலின் புறஊதாக் கதிரைப் பொறுத்தது.

அப்படியானால் இனம் என்பதே பொய்யா? அறிவியல் வகைப்பாடாகப் பொய். ஆனால் எங்கே வீடு, எந்தப் பள்ளி, யாரோடு கல்யாணம் என்பதை அது முடிவு செய்யும்போது, அதன் விளைவு மிக உண்மையானது. புவியியலாளர்கள் ‘இனம்’ என்பதை விட ‘இனமாக்கல்’ என்று பேச விரும்புவது இதனால்தான். யார், எப்போது, எதற்காக மனிதர்களை இனமாக ஆக்கினார்கள் என்பதே அவர்களுடைய கேள்வி.

யார் எந்த இனம் என்று தென்னாப்பிரிக்க அரசு எப்படி முடிவு செய்தது?

1948 தேர்தலில் தேசியக் கட்சி வென்றதும் அபார்தைட் எனப்படும் இன ஒதுக்கல் ஆட்சி தொடங்கியது. அதன் அடிக்கல் 1950-ஆம் ஆண்டின் மக்கள் பதிவுச் சட்டம். ஒவ்வொருவரையும் வெள்ளையர், பூர்வகுடியினர் (கறுப்பின மக்கள்), கலர்ட் என்ற மூன்றில் ஒன்றில் பதிய வேண்டும். கலர்ட் என்பது கலப்புப் பூர்வீகம் கொண்டவர்களுக்கு அங்கே வழங்கும் பெயர். இந்தியர்கள் முதலில் அந்தப் பெட்டிக்குள்தான் அடைக்கப்பட்டார்கள். பிறகு தனிப் பிரிவானார்கள்.

சட்டத்தின் வரையறையைப் படித்தால் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். பார்த்தாலே வெள்ளையராகத் தெரிகிறவர் அல்லது வெள்ளையர் என்று பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர் வெள்ளையர். ஆனால் பார்க்க வெள்ளையராக இருந்தும் பொதுவாகக் கலர்ட் என்று ஏற்கப்பட்டவர் வெள்ளையர் இல்லை. கலர்ட் யார்? வெள்ளையரும் பூர்வகுடியும் அல்லாதவர். அதாவது கடைசியில் அக்கம்பக்கத்தார் என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் அளவுகோல். ரத்தத்தையோ எலும்பையோ வைத்து இதைத் தீர்க்க முடியாது என்பது அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கே தெரிந்திருந்தது.

சந்தேகம் வந்தால் அதிகாரிகள் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள். பென்சில் கீழே விழுந்தால் ஒரு இனம், சுருட்டை முடியில் சிக்கி நின்றால் இன்னொரு இனம். ஒரே வீட்டு உடன்பிறப்புகள் வேறு வேறு இனமாகப் பதியப்பட்டார்கள். விண்ணப்பம் போட்டு இனத்தை மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. அந்த ஆண்டு எத்தனை பேர் எதிலிருந்து எதற்கு மாறினார்கள் என்று நாடாளுமன்றத்திலேயே கணக்குப் படிப்பார்கள். 1960-களில் ஜப்பானோடு இரும்பு வணிகம் சூடுபிடித்ததும் ஜப்பானியர்களை வெள்ளையர் போல நடத்த அரசு முடிவு செய்தது. சீனர்கள் மட்டும் வெள்ளையர் அல்லாதவர்களாகவே தொடர்ந்தார்கள். வணிக ஒப்பந்தம் தோல் நிறத்தை மாற்றும் என்று எந்த உயிரியல் புத்தகத்திலும் இல்லை.

இந்தச் சட்டம் 1991-ல்தான் ரத்தானது.

சரி, இதில் புவியியலுக்கு என்ன வேலை?

இனத்தைக் கோப்பில் எழுதி வைத்தால் மட்டும் போதாது, அதை நிலத்திலும் வரைய வேண்டும் என்று அந்த ஆட்சிக்குத் தெரிந்திருந்தது. மக்கள் பதிவுச் சட்டம் வந்த அதே 1950-ல் குழுப் பகுதிகள் சட்டமும் வந்தது. நகரத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒரே இனத்துக்கு. தவறான பகுதியில் இருப்பவர் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

கேப் டவுன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற வட்டாரம் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள், கைவினைஞர்கள், துறைமுகத் தொழிலாளர்கள், யூதக் குடியேறிகள், முஸ்லிம்கள் எல்லாரும் கலந்து வாழ்ந்த நெரிசலான இடம். 1966 பிப்ரவரி 11 அன்று அது வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் சுமார் 60,000 பேர் வெளியேற்றப்பட்டு, நகரத்துக்கு வெளியே கேப் ஃபிளாட்ஸ் என்ற காற்றடிக்கும் மணல் சமவெளியில் குடியமர்த்தப்பட்டார்கள். வீடுகளைப் புல்டோசர் தரைமட்டமாக்கியது. சர்ச்சுகளையும் மசூதிகளையும் பெரும்பாலும் விட்டுவைத்தார்கள். அப்புறம் என்ன ஆனது? அந்த நிலத்தின் பெரும்பகுதியில் வெள்ளையர்கள் குடியேறவே இல்லை. நகரத்தின் நடுவில் பல பத்தாண்டுகள் வெறும் புல்தரையாகக் கிடந்தது.

ஜோகன்னஸ்பர்க்கின் சோஃபியாடவுனில் 1955-லேயே இது நடந்துவிட்டது. அங்கிருந்த கறுப்பின மக்களை மெடோலேண்ட்ஸுக்கு ஏற்றிப் போனார்கள். இடித்த இடத்தில் கட்டிய வெள்ளையர் குடியிருப்புக்கு வைத்த பெயர் ‘டிரையோம்ஃப்’, அதாவது வெற்றி. 2006-ல்தான் பழைய பெயர் திரும்பியது.

1980-களின் நடுப்பகுதிக்குள் குழுப் பகுதிகள் சட்டத்தின்கீழ் இடம்பெயர்க்கப்பட்டவை 80,000-க்கு மேற்பட்ட கலர்ட் குடும்பங்கள், சுமார் 40,000 இந்தியக் குடும்பங்கள். வெள்ளையர் குடும்பங்கள் இரண்டாயிரத்துச் சொச்சம். கறுப்பின மக்களை அப்புறப்படுத்தத் தனியாக வேறு சட்டங்கள் இருந்ததால், அவர்கள் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். பேருக்கு எல்லாருக்கும் பொதுவான சட்டம்; சுமை யார் தலையில் என்பதை எண்களே சொல்லிவிடுகின்றன.

பாடத்தில் வரும் ‘இன ஒதுக்கல் நகர மாதிரி’ என்பது என்ன?

தென்னாப்பிரிக்கப் புவியியலாளர் ரான் டேவிஸ் 1981-ல் வரைந்து காட்டிய மாதிரி. தேர்வில் வரையச் சொன்னால் இப்படி நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வெள்ளையர் கையில் இருக்கும் வணிக மையம். அதிலிருந்து மேடான, காற்றோட்டமான திசைகளில் வெள்ளையர் குடியிருப்பு விரிந்துகொண்டே போகும். ரயில் பாதையை ஒட்டித் தொழிற்சாலைகள். அவற்றுக்கு அப்பால் ஓரத்தில் இந்தியர், கலர்ட் பகுதிகள். எல்லாவற்றுக்கும் வெளியே கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கிய குடியிருப்பான டவுன்ஷிப். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஆறு, ரயில் பாதை, நெடுஞ்சாலை, தொழிற்பேட்டை அல்லது வெற்று நிலம் தடுப்புப் பட்டையாக இருக்கும். ஒரு இனத்தார் வேலைக்குப் போகும்போது இன்னொரு இனத்தாரின் தெரு வழியாகப் போகக் கூடாது என்பதுவரை யோசித்துத் திட்டம் போட்டார்கள். இதற்கான கொள்கைகளை டர்பன் மாநகராட்சியின் குழு ஒன்று 1950-களின் தொடக்கத்திலேயே வகுத்துவிட்டது.

டவுன்ஷிப்புகளுக்குள் போகும் வழிகளை மிகக் குறைவாக வைத்தார்கள். கலவரம் வந்தால் அடைப்பது சுலபம்.

குடியிருப்புப் பிரிவினையை எண்ணால் அளக்க முடியுமா?

முடியும். வேறுபாட்டுக் குறியெண் என்று ஒன்று உண்டு. நகரத்தில் மூன்று வார்டுகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் குழுவில் 50, 30, 20 சதவீதம் பேர் முறையே அந்த வார்டுகளில் இருக்கிறார்கள். இரண்டாம் குழுவில் 10, 30, 60. வார்டு வாரியாக வித்தியாசம் 40, 0, 40. கூட்டினால் 80, இரண்டால் வகுத்தால் 40. அதாவது இரண்டு குழுவும் சமமாகப் பரவ வேண்டுமானால் ஒரு குழுவில் 40 சதவீதம் பேர் வார்டு மாற வேண்டும். பூஜ்யம் என்றால் முழுக் கலப்பு, 100 என்றால் முழுப் பிரிவினை.

இந்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். வெள்ளையர் வீட்டின் கொல்லைப்புற அறையில் தங்கி வேலை செய்த கறுப்பினப் பணிப்பெண், கணக்கெடுப்பில் ‘வெள்ளையர் பகுதியில் வாழும் கறுப்பினத்தவர்’. குறியெண் அதைக் கலப்பு என்று எடுத்துக்கொள்ளும்.

தமிழர்கள் இந்த வரைபடத்துக்குள் எப்படி வந்தார்கள்?

1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு டர்பன் போய்ச் சேர்ந்தது. டர்பனைச் சுற்றியுள்ள நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கான ஆட்கள். 1911-ல் இந்த முறை நிறுத்தப்படும் வரை சுமார் 1,52,000 பேர் போனார்கள். அதில் பெரும்பங்கு சென்னை மாகாணத்திலிருந்து: தமிழர், தெலுங்கர். மற்றவர்கள் கல்கத்தா வழியாகப் போன போஜ்புரி பேசும் மக்கள். சொந்தச் செலவில் போன குஜராத்தி வணிகர்கள் தனி. கூலிகளோடு தங்களைச் சேர்த்துவிடக் கூடாது என்று அவர்களில் பலர் தங்களை ‘அரபிகள்’ என்று சொல்லிக்கொண்டார்கள். இனக்குழு எல்லை என்பது சூழலுக்கு ஏற்ப நகரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

எல்லை தாண்டுவதே குற்றமாக இருந்த காலம் அது. நேட்டால் இந்தியர் அனுமதியின்றி பக்கத்து டிரான்ஸ்வால் பகுதிக்குள் நுழைய முடியாது. இன்னொரு பகுதியான ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டில் இந்தியர் குடியேற 1891-ல் போட்ட தடை 1986 வரை நீடித்தது. 1913 சத்தியாகிரகத்தில் காந்தியும் தொழிலாளர்களும் செய்த ‘குற்றம்’ மாகாண எல்லையை நடந்து கடந்ததுதான். அதே போராட்டத்தில் சிறை சென்று, உடல் நலிந்து, 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்தார் தில்லையாடி வள்ளியம்மை. நம் பாடப்புத்தகம் அவரை விடுதலைப் போராட்டப் பட்டியலில் வைக்கிறது. புவியியல் பாடத்தில் எல்லை பற்றிய அத்தியாயத்திலும் வைக்கலாம் என்பது என் கருத்து.

பிறகு குழுப் பகுதிகள் சட்டம் வந்தது. டர்பனில் கேட்டோ மேனர் பகுதியில் தோட்டம் போட்டு, கோயில் கட்டி வாழ்ந்த இந்தியர்களைக் கிளப்பினார்கள். 1960-களில் சாட்ஸ்வொர்த், 1970-களில் ஃபீனிக்ஸ் என இந்தியர்களுக்கென்றே பிரம்மாண்டமான குடியிருப்புகள் எழுந்தன.

இன்று அங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோருக்கு வீட்டுமொழி ஆங்கிலம். நாயுடு, பிள்ளை, கவுண்டர், முதலி, படையாச்சி என்ற பட்டங்கள் நைடூ, பிள்ளே, கவெண்டர், மூட்லி, படையாச்சி என்று குடும்பப் பெயர்களாகிவிட்டன. மொழி போனால் இனக்குழு போய்விடுமா என்று கேட்டால், அங்கே போகவில்லை. தைப்பூசக் காவடி, மாரியம்மன் திருவிழா, கல்யாணச் சடங்கு இவை எல்லையைக் காக்கின்றன. நார்வே மானுடவியலாளர் பிரெட்ரிக் பார்த் 1969-ல் சொன்னதும் இதுதான்: ஒரு குழுவுக்குள் இருக்கும் பண்பாட்டுச் சரக்கு மாறிக்கொண்டே இருக்கும், ‘நாம், அவர்கள்’ என்ற கோடு எப்படித் தொடர்கிறது என்று பாருங்கள் என்றார்.

தேசம், அரசு, தேசிய அரசு: இவற்றை எப்படிப் பிரிப்பது?

அரசு என்றால் எல்லை, மக்கள், ஆட்சி, இறையாண்மை உள்ள அமைப்பு. தேசம் என்றால் தங்களை ஒரே மக்களாகக் கருதி, தங்களுக்கென்று ஒரு நிலமும் தன்னாட்சியும் வேண்டும் என்று நினைக்கும் கூட்டம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் தேசிய அரசு. பொருந்துவது அபூர்வம்.

தென்னாப்பிரிக்காவால் நாலாபுறமும் சூழப்பட்ட லெசோத்தோவைப் பாருங்கள். 1966-ல் விடுதலை பெற்ற நாடு, கிட்டத்தட்ட எல்லாரும் சோத்தோ மக்கள். தேசிய அரசுக்கு இதைவிட நல்ல உதாரணம் உண்டா என்று தோன்றும். ஆனால் சோத்தோ மொழி பேசுகிறவர்கள் லெசோத்தோவில் இருப்பதைவிட எல்லைக்கு அந்தப் பக்கம் தென்னாப்பிரிக்காவில்தான் அதிகம்.

தேசியம் தானாக வருமா, உருவாக்கப்படுமா?

ஒரே தேசத்தவர் என்று நினைக்கும் கோடிக்கணக்கானோர் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. அச்சு, பள்ளிக்கூடம், வரைபடம், அருங்காட்சியகம் வழியாக அந்த உறவு மனதில் கட்டப்படுகிறது என்று 1983-ல் பெனடிக்ட் ஆண்டர்சன் விளக்கினார். ‘கற்பனைச் சமூகம்’ என்ற கருத்து அங்கிருந்து வந்தது. கற்பனை என்றால் பொய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆஃப்ரிக்கானர் தேசியம் இதற்குச் சரியான பாடம். டச்சு, ஜெர்மன், பிரெஞ்சுக் குடியேறிகளின் வழிவந்தவர்கள் இவர்கள். இவர்களுடைய ஆஃப்ரிக்கான்ஸ் மொழியை 19-ஆம் நூற்றாண்டில் படித்தவர்கள் ‘சமையலறைப் பேச்சு’ என்று இளக்காரம் செய்தார்கள். 1875-ல் பார்ல் ஊரில் ஒரு சங்கம் கூடி அதை எழுத்துமொழியாக்கும் வேலையைத் தொடங்கியது. 1899 முதல் 1902 வரை ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் (ஆஃப்ரிக்கானர்களை அன்று அழைத்த பெயர்) நடந்த போயர் போரில் ஆங்கிலேயரின் தடுப்பு முகாம்களில் 26,000-க்கு மேற்பட்ட போயர் பெண்களும் குழந்தைகளும் இறந்தார்கள். அந்தத் துயரம் தேசியத்தின் உயிர்நாடி ஆனது. 1925-ல் ஆஃப்ரிக்கான்ஸ் ஆட்சிமொழி, 1933-ல் அந்த மொழியில் முழு பைபிள். 1938-ல், முன்னோர்கள் மாட்டுவண்டி கட்டி உள்நாட்டுக்குப் போன பயணத்தின் நூற்றாண்டு விழா என்று, கேப் டவுனிலிருந்து பிரிட்டோரியாவுக்கு வண்டிகள் ஊர் ஊராகப் போயின. மக்கள் பழங்கால உடையில் வந்து கும்பிட்டார்கள். தெருக்களுக்குப் புதுப் பெயர் வைத்தார்கள். பத்தே ஆண்டில் தேசியக் கட்சி ஆட்சியைப் பிடித்தது.

இந்தக் கதையில் எதை விட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அதே போரில் தனி முகாம்களில் குறைந்தது 14,000 கறுப்பின மக்களும் இறந்தார்கள். நினைவுச் சின்னத்தில் அவர்களுக்கு இடமில்லை. ஆஃப்ரிக்கான்ஸை முதலில் எழுதியவர்களில் கேப் டவுன் முஸ்லிம்களும் உண்டு. அரபு எழுத்தில் எழுதினார்கள். அவர்களுடைய மூதாதையர் இந்தோனேசியா, வங்காளம், சோழமண்டலக் கரை, இலங்கை போன்ற இடங்களிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். ஒரே மொழி, பெரும்பாலும் ஒரே ஊர், இருந்தும் தேசத்துக்குள் சேர்க்கவில்லை. மொழித் தேசியம் என்று வெளியே சொன்னார்கள். உள்ளே கதவைக் காத்தது இனம். இன ஒதுக்கலின் தலைமைச் சிற்பியான ஹென்ட்ரிக் ஃபெர்வூர்டோ ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர்! அவருக்குக் கதவு திறந்தே இருந்தது.

பாண்டுஸ்தான் என்பது என்ன? அதுவும் தேசியம்தானா?

தேசியத்தின் மொழியைத் திருடிச் செய்த காரியம் என்பேன். 1913 நிலச் சட்டம் கறுப்பின மக்களுக்கு நாட்டில் சுமார் 7 சதவீத நிலத்தை மட்டும் ஒதுக்கியது. 1936-ல் அது 13 சதவீதம் ஆனது. மக்கள்தொகையில் பெரும்பான்மை அவர்கள்தான். 1959-க்குப் பிறகு இந்த நிலத்தைப் பத்துத் ‘தாயகங்களாக’ வகுத்து, இது சூலு மக்களுக்கு, இது ட்ஸ்வானா மக்களுக்கு, இது வெண்டா மக்களுக்கு என்றார்கள். இவைதான் பாண்டுஸ்தான்கள். கறுப்பின மக்கள் ஒரே பெரும்பான்மை அல்ல, பத்துத் தேசங்கள் என்பது வாதம். 1970-ல் ஒவ்வொரு கறுப்பினத்தவரையும், அவர் பார்த்தே இராத ஒரு தாயகத்தின் குடிமகனாக்கச் சட்டம் வந்தது. இத்திட்டம் முடியும்போது தென்னாப்பிரிக்கக் குடியுரிமையோடு ஒரு கறுப்பினத்தவர்கூட இருக்கமாட்டார் என்று அமைச்சர் கானி முல்டர் 1978-ல் நாடாளுமன்றத்திலேயே சொன்னார்.

1976-ல் டிரான்ஸ்கெய், 1977-ல் பொஃபுதட்ஸ்வானா, 1979-ல் வெண்டா, 1981-ல் சிஸ்கெய் ‘விடுதலை’ பெற்றன. தென்னாப்பிரிக்காவைத் தவிர உலகில் எந்த நாடும் அங்கீகரிக்கவில்லை. டிரான்ஸ்கெய், சிஸ்கெய் இரண்டுமே கோசா மக்களுக்கு. ஒரு தேசத்துக்கு ஓர் அரசு என்பதுதான் தத்துவம் என்றால் இரண்டு எதற்கு? பொஃபுதட்ஸ்வானா ஆறேழு துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது. நல்ல பண்ணை நிலமும் பெரு நகரங்களும் வெளியே போகும்படி கோடு போட்டால் அப்படித்தான் வரும். அதில் ஒரு துண்டில்தான் சன் சிட்டி சூதாட்ட விடுதி. அன்று தென்னாப்பிரிக்காவில் சூதாட்டத்துக்குத் தடை இருந்தது. ‘வெளிநாடு’ ஆகிவிட்டால் தடையில்லை பாருங்கள்.

1960 முதல் 1983 வரை எல்லா வகையிலும் சேர்த்து 35 லட்சம் பேர் வலுக்கட்டாயமாக இடம்பெயர்க்கப்பட்டதாக அன்று களத்தில் இறங்கி நடத்திய ஆய்வு மதிப்பிட்டது. 1994 தேர்தலோடு பத்துத் தாயகங்களும் நாட்டோடு சேர்ந்தன.

இதற்கு எதிராக எழுந்ததும் தேசியம்தானே?

ஆமாம், ஆனால் ஒரே வகை இல்லை. 1912-ல் தொடங்கிய ஆப்பிரிக்க தேசிய காங்கிரசும் அதன் தோழமை அமைப்புகளும் 1955-ல் ஏற்ற சுதந்திர சாசனம், தென்னாப்பிரிக்கா கறுப்பர், வெள்ளையர் என்று அங்கே வாழும் அனைவருக்கும் சொந்தம் என்றது. இது குடிமைத் தேசியம்: பிறப்பை விடக் குடியுரிமைக்கு முதலிடம். இதை ஏற்காமல், ஆப்பிரிக்க நிலம் ஆப்பிரிக்கர்களுக்கு என்று பிரிந்தவர்கள் 1959-ல் ராபர்ட் சொபுக்வே தலைமையில் தனி அமைப்பு கண்டார்கள்.

மூன்றாவது வழி ஸ்டீவ் பிகோவுடையது. அவருடைய கறுப்பு உணர்வு இயக்கத்தில் ‘கறுப்பர்’ என்றால் ஒடுக்கப்பட்ட அனைவரும். கலர்ட்டும் இந்தியரும் அதில் அடக்கம். டர்பன் இந்தியரான ஸ்ட்ரினி மூட்லி அந்த இயக்கத்தைக் கட்டியவர்களில் ஒருவர்; ராபன் தீவுச் சிறையில் இருந்தவர். அரசு ஒட்டிய முத்திரையைப் பிடுங்கி அதற்கு வேறு பொருள் எழுதினார்கள். 1984-ல் இந்தியருக்கும் கலர்ட்டுக்கும் தனித்தனி நாடாளுமன்ற அவை கொடுத்து அவர்களைப் பிரித்தெடுக்க அரசு பார்த்தது. பதிவு செய்த இந்திய வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான் வாக்குப்போட வந்தார்கள்.

1994-க்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டதா?

சட்டம் மாறியது, தெரு அவ்வளவாக மாறவில்லை. 2022 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 6.2 கோடி: கறுப்பின ஆப்பிரிக்கர் 81.4, கலர்ட் 8.2, வெள்ளையர் 7.3, இந்தியர் மற்றும் ஆசியர் 2.7 சதவீதம். அதே பழைய பெட்டிகள்தான்! வித்தியாசம், இன்று யாரும் பென்சில் வைத்துப் பார்ப்பதில்லை. அவரவர் சொல்வதை எழுதிக்கொள்கிறார்கள். பழைய அநீதியை ஈடுசெய்யும் இடஒதுக்கீட்டுக்கு அந்தக் கணக்கு தேவைப்படுகிறது. 2008-ல் சீன வம்சாவளியினர் நீதிமன்றம் போய், அந்தச் சலுகைகளுக்காகத் தாங்களும் ‘கறுப்பர்’ என்ற வரையறைக்குள் வருவதாகத் தீர்ப்பு வாங்கினார்கள். இடஒதுக்கீட்டு அரசியலை அறிந்த நமக்கு இது புதிதல்ல.

வரைபடம் எவ்வளவு பிடிவாதமானது என்பதை 2021 ஜூலை காட்டியது. முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜுமா சிறைப்பட்டதை அடுத்துக் கலவரமும் கொள்ளையும் வெடித்தன. இந்தியர்களுக்காக அமைத்த ஃபீனிக்ஸில் குடியிருப்பாளர்கள் தெருக்களை அடைத்து நின்றார்கள். பக்கத்திலேயே கறுப்பின மக்களுக்காக அமைத்த இனாண்டா, குவாமாஷு. அந்தச் சில நாட்களில் ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் 36 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். ‘இந்தியருக்கும் சூலுக்களுக்கும் ஆதிகாலப் பகை’ என்று சொல்வது சோம்பேறித்தனம். 1949 ஜனவரியில் டர்பனில் நடந்த கலவரத்தில் 142 பேர் இறந்தது உண்மை. ஆனால் இரண்டு ஏழைக் குடியிருப்புகளை ஒன்றோடொன்று கலக்கவிடாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றுக்குக் கொஞ்சம் அதிகம் கொடுத்து, இடையில் ஒரு பட்டை வரைந்தது யார் என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் கதை பாதிதான்.

குடிமைத் தேசியத்தில் ஆபத்தே இல்லையா?

உண்டு. குடிமகன் என்று ஒரு வட்டம் போட்டால், வட்டத்துக்கு வெளியே ஒருவர் வந்துவிடுவார். 2008 மே மாதம் ஜோகன்னஸ்பர்க்கின் அலெக்ஸாண்ட்ராவில் தொடங்கிய வெளிநாட்டவர் எதிர்ப்பு வன்முறையில் 62 பேர் இறந்தார்கள். குறி, ஜிம்பாப்வே, மொசாம்பிக் போன்ற நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். இறந்தவர்களில் 21 பேர் தென்னாப்பிரிக்கர்களே. முழங்கையைக் காட்டி அதற்குச் சூலுவில் என்ன என்று கேட்டு, சரியாகச் சொல்லத் தெரியாதவர்களை அந்நியர் என்று அடித்தார்கள். பென்சிலுக்குப் பதில் ஒரு சொல்.

ஓரானியா பற்றிக் கேள்விப்பட்டேன், அது என்ன?

1990-களின் தொடக்கத்தில் ஆஃப்ரிக்கானர்கள் சிலர் வடக்கு கேப்பில் ஒரு கைவிடப்பட்ட அணைத் தொழிலாளர் குடியிருப்பை விலைக்கு வாங்கி அமைத்த ஊர். ஆஃப்ரிக்கானர் மட்டும் வசிக்கலாம். எல்லா வேலையும் தாங்களே செய்ய வேண்டும் என்பது கொள்கை. சில ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தேர்வில் ‘இனக்குழுத் தனிக்குடியிருப்பு’க்கு உதாரணமாக எழுதலாம், அதற்கு மேல் முக்கியத்துவம் கொடுக்க ஒன்றுமில்லை.

சாதியை இனத்தோடு சேர்த்துப் பார்க்கலாமா?

இந்தக் கேள்வி டர்பனிலேயே எழுந்தது. 2001-ல் அங்கே நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டுக்குத் தலித் அமைப்புகள் போய், சாதிப் பாகுபாட்டையும் சேர்த்துப் பேச வேண்டும் என்றன. சாதியும் இனமும் ஒன்றல்ல, இது உள்நாட்டு விஷயம் என்று இந்திய அரசு எதிர்த்தது. மாநாட்டு அறிக்கையில் சாதி இடம்பெறவில்லை. அடுத்த ஆண்டே ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு, வம்சாவளி அடிப்படையிலான பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று தன் 29-ஆவது பொதுப் பரிந்துரையில் சொன்னது.

இனம் என்பதை உடல் அடையாளமாக மட்டும் எடுத்துக்கொண்டால் அரசின் வாதம் சரி போலத் தோன்றும். ஆனால் மக்கள் பதிவுச் சட்டத்தின் வரையறையை மறுபடி படியுங்கள். அங்கேயும் கடைசியில் உடல் உதவவில்லை. ‘பொதுவாக எப்படி ஏற்கப்படுகிறார்’ என்பதுதான் தீர்மானித்தது. யாருக்கு எங்கே வீடு, யார் எந்த வழியில் நடக்கலாம், யாரை யார் மணக்கலாம் என்ற மூன்றையும் பிறப்பை வைத்து முடிவு செய்யும் ஏற்பாட்டைப் புவியியலாளர் ஒரே கருவிகளால் அளக்கலாம். ஊர், சேரி என்று தனித்தனியாக நிற்கும் ஒரு தமிழ்நாட்டுக் கிராமத்தின் வரைபடத்தையும் டேவிஸின் நகர மாதிரியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நம் ஊரில் அந்தக் கோட்டைப் போட எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை. அதனாலேயே ரத்து செய்ய ஒரு சட்டத்தையும் காட்ட முடியாது.